பன்னிரண்டாம் நம்பரின் மோதிரம்

"அண்ணா, பன்னண்டாம் நம்பரு கையில மோதிரம் போட்டுக்குனு மேடை ஏறியிருக்கான். நகை போடக்கூடாதுன்னு ரூல் இருக்குது இல்ல?"

தலைமை நடுவர் அரிகிருஷ்ணன் மார்க் தாளை மடித்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே ஏழாம் நம்பர் மணிமாறன் நின்றிருந்தான். உடம்பெல்லாம் பழுப்புச் சாயம். இடுப்பில் நீல ஜட்டி, அதன் இடப்பக்கம் ஊக்கு குத்திய நம்பர்.

வில்லியனூர் சமுதாயக் கூடத்தில் சுற்றுவட்டார ஊர்களுக்கான ஆணழகன் போட்டி. காலையில் எல்லோரும் வரிசையாக நின்று கொடுக்கும் கட்டாய போஸ்கள் முடிந்துவிட்டன. இனி ஒவ்வொருவராக, பாட்டுக்கு ஒரு நிமிஷம் போஸ் கொடுக்கும் தனிச் சுற்றுதான் பாக்கி. காலையில் ஏழாம் நம்பரையும் பன்னிரண்டாம் நம்பரையும் நடுவர்கள் மூன்று முறை இடம் மாற்றி நிற்கவைத்துப் பார்த்தார்கள். இருவரும் சமமாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். மணிமாறனுக்கு அதுவே பொறுக்கவில்லை.

பன்னிரண்டாம் நம்பர் புகழ்வேந்தன். நல்லவாட்டுக்காரன். சின்ன வயதிலிருந்தே வலை இழுத்த முதுகு. இடுப்பில் கையை ஊன்றி அதை விரித்தால் கூடம் முழுக்க விசில் பறக்கும். ஒதியம்பட்டு மணிமாறன் எட்டு வாரம் உப்பில்லாமல் தின்று, தண்ணீரைக்கூட அளந்து குடித்து, மூன்று வருஷமாக அவனுக்கு அடுத்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். கண்ணை மூடினால் புகழின் முதுகுதான் வந்து நின்றது. ஐந்து நடுவர்களும் கவனிக்காத மெல்லிய மோதிரம் அவன் கண்ணில் பட்டதென்றால், காலையிலிருந்து அவன் வேறெதையும் பார்க்கவில்லை.

இந்த வருஷம் புகழின் போக்கே வேறாக இருந்தது. போன வருஷம்வரை வாடா போடா என்றவன் இன்று வாங்க போங்க என்றான். மணிமாறனின் கைக்கு எட்டாத முதுகில், கேட்காமலேயே வந்து சாயம் தடவிவிட்டான். ஜெயிக்கப்போகிறவனுக்கு வரும் கொழுப்பு என்று மணிமாறன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

அரிகிருஷ்ணன் புகழைக் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னாப்பா, மோதிரம் போட்டுனு இருக்கறியே?"

"கல்யாண மோதிரம்ண்ணா," என்றான் புகழ், தணிந்த குரலில்.

"கல்யாண மோதிரம்னா ரூல்ல இடம் இருக்குது."

மணிமாறன் குறுக்கே வந்தான். "பொய்ண்ணா. இவனுக்கு ஏது கல்யாணம்? எந்த மண்டபத்துல நடந்துச்சு, யாரு பந்தில உக்காந்து சாப்ட்டது? நல்லவாட்டுல யார வேணா கேளுங்க, தனிக்கட்டைன்னுதான் சொல்லுவாங்க."

அரிகிருஷ்ணன் புகழைப் பார்த்தார். "எதனா அத்தாட்சி காட்டு தம்பி. இல்லன்னா காலைச் சுத்து மார்க்கு மொத்தமும் போயிடும்."

புகழ் பையிலிருந்து போனை எடுத்தான். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு எதையோ தேடினான். பிறகு தலையைத் தூக்கி, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மணிமாறனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். போனை மறுபடி பைக்குள் போட்டுவிட்டான்.

"வேணாம்ண்ணா. மார்க்க எடுத்துக்குங்க."

"பாத்தீங்களா?" என்றான் மணிமாறன்.

தோல்வி உறுதியான பிறகும் புகழ் தன் ஒரு நிமிஷத்தை விடவில்லை. பாட்டின் தாளத்துக்கு ஒரு போஸிலிருந்து இன்னொரு போஸுக்கு அலைபோல உருண்டு போனான். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. மேடையோரம் நின்றிருந்த மணிமாறன் கையைக் கட்டிக்கொண்டான். தோற்கப்போகிறவனுக்கு எதற்கு இத்தனை கைதட்டல்?

முதல் பரிசு ஏழாம் நம்பருக்கு என்று மைக்கில் சொன்னார்கள். புகழ் கை நீட்டிக்கொண்டு வந்தான். "ரொம்ப சந்தோஷம்ங்க." மணிமாறன் அந்தக் கையைப் பார்க்காததுபோலக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

கோப்பை கைக்கு வந்தும் எரிச்சல் அடங்கவில்லை. கூட்டம் கலைந்ததும் நேரே அரிகிருஷ்ணனிடம் போனான்.

"நடுவர்கிட்ட பொய் சொன்னா ஒரு வருஷம் தடை. ரூல்ல இருக்குது. எழுதிக் குடுக்கறேண்ணா."

"அதான் கப்பு வந்துடுச்சு இல்ல. வுட்டுடு."

"வுட முடியாதுண்ணா."

எழுதினான். கையெழுத்தும் போட்டான். அரிகிருஷ்ணன் அந்தத் தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தன் போனை எடுத்தார்.

"எழுத்துல புகார் வந்துட்டா, குடுத்தவனுக்கு ஆதாரத்தக் காட்டியாவணும். அதுவும் ரூல்தான். அவன் பொய்யன் இல்லப்பா. ரிசல்ட் சொன்ன பொறவு இத எனக்கு அனுப்பிட்டுத்தான் போனான். மொதல்லயே காட்டறதுக்கு இன்னாடான்னு கேட்டேன். 'பொண்ணு வூட்ல இன்னும் தெரியாதுண்ணா, நேர்ல போயி மொறையா சொல்லணும். இத்தினி பேரு நடுவுல மச்சான் தல குனிஞ்சு நிக்கக்கூடாது'ன்னான்."

"மச்சானா? எவன் அது?"

அரிகிருஷ்ணன் போனை அவன் பக்கம் திருப்பினார். பதினெட்டு நாளைக்கு முந்தைய தேதியிட்ட திருமணப் பதிவுச் சான்றிதழ் அது. அதில் ஒட்டியிருந்த படத்தில், இன்று காலை முட்டை அவித்துக் கொடுத்து, "ஜெயிச்சுட்டு வாண்ணா" என்று வாசல்வரை வந்து வழியனுப்பிய தங்கை பிரியதர்ஷினி, கழுத்தில் மாலையோடு புகழ்வேந்தன் பக்கத்தில் நின்றிருந்தாள்.