ஆமெனுக்கு முன்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றே கால்.

அவள் கண்ணை மூடவில்லை. நேராகச் சோற்றில் கை வைத்தாள்.

எதிரே அவன் கை தட்டுக்கு மேலேயே நின்றது.

பதினோரு வருடப் பழக்கம். அவள் ஜெபம் பண்ணுவாள். அவன் பசியோடு காத்திருப்பான். அவள் ஆமென் சொன்னதும் அவனுடைய முதல் உருண்டை வாய்க்குள் போகும்.

கல்யாணத்தன்று கோயிலுக்குள் போனவன். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதித்ததில்லை. கேட்டால், "எனக்கும் சேத்து நீ போறல்லா" என்பான்.

இன்று அவளும் போகவில்லை.

எப்சிபாளிடம் மட்டும்தான் அவள் தன் மனக்குறையைச் சொல்லியிருந்தாள். பாவாடை கட்டிய நாளிலிருந்து கோயிலில் ஒரே பெஞ்சில் உட்காருகிற சிநேகிதி.

"ஜெபம் பண்ணுதேன். அந்தப் பக்கம் யாரும் கேக்கிற மாதிரியே இல்லட்டி."

முந்தாநாள், வெள்ளிக்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் எப்சிபாள் எழுந்து நின்றாள். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெபக் குறிப்பு வாசித்தாள். விசுவாசத்தில் தளர்ந்துபோன நம் சகோதரிக்காக.

பெயரையும் சொன்னாள்.

நாற்பது பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நேற்று அவனுக்கு பஸ் டிப்போவில் நாள் முழுக்க வேலை. அவனிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

"சாப்பிடுங்க. ஆறிரும்," என்றாள்.

அவன் சாப்பிடவில்லை. கிரீஸ் போகாத தன் நகங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

பிறகு கண்ணை இறுக மூடினான். ஊசி போட்டுக்கொள்கிறவனைப் போல.

"எங்கள் பரம பிதாவே. இந்த ஆகாரத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம். இல்லாத வீடுகளுக்கும் கொடும்."

அவளுடைய சொற்கள். அவளுடைய இழுவை. அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் அவனும் மூச்சு வாங்கினான்.

"எப்சிபாளுடைய மூட்டு வலியை நீக்கிப்போடும்."

அவள் கையிலிருந்த உருண்டை தட்டில் விழுந்தது.

அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறந்துவிடும் என்பதுபோல ஒரே ஓட்டமாக ஓடினான்.

"என் புருஷன் ஞானதிரவியத்துக்கு நல்ல புத்தியைத் தாரும். அவருடைய கல் நெஞ்சை உடைத்தருளும். அடுத்த ஞாயிறாவது அவரைக் கோயிலுக்குக் கூட்டி வாரும்."

மின்விசிறி சுற்றியது.

அந்தக் கடைசிப் பகுதியை அவள் என்றைக்கும் சத்தமாகச் சொன்னதில்லை. வாய்க்குள் முணுமுணுப்பதுதான். அவனுக்குக் கேட்காது என்று நினைத்து, பதினோரு வருடமாக.

என்ன சொன்னோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு கண் மெதுவாகத் திறந்தது.

அவளுக்குப் புரையேறியது. இடக்கையால் முந்தானையை இழுத்து வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வந்தது. சிரிப்பு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

அவன் திறந்த கண்ணை மறுபடி மூடிக்கொண்டான். வயிறு கடமுடவென்றது. கை இன்னும் தட்டுக்கு மேலேயே.

"ஏட்டி, ஆமென் நீதான சொல்லணும்?"