இரண்டு கை வேலை

"தொட்டி வேலை பார்க்குற லாலுக்கு இன்னைக்கு வர முடியாதாம். சிலாபத்துல கல்யாண வீடாம்" என்று சொல்லிவிட்டு ஐராங்கனி போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

அவள் கணவன் டெரன்ஸ் திசேரா கூடத்துச் சுவரோரம் இருந்த நாலடிக் கண்ணாடித் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். கடல்நீர்த் தொட்டி. அதிலிருந்த பதினோரு வண்ணமீனும் அவனே மாரவிலக் கடலில் மூழ்கிப் பிடித்தவை. விடிந்ததிலிருந்து தண்ணீர் அசையாமல் நின்றது. மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

தொட்டிக்குக் கீழே, மர அலமாரிக்குள் ஒரு சின்னத் தொட்டி உண்டு. மேலே வழியும் தண்ணீர் அதில் இறங்கிச் சுத்தமாகும். சுத்தமான தண்ணீரை ஒரு பம்ப் திரும்ப மேலே ஏற்றும். அந்தப் பம்ப்தான் காலையில் நின்றுவிட்டது. புதிதாக ஒன்று பெட்டி பிரிக்காமல் வீட்டிலேயே இருந்தது. மாட்டத்தான் ஆள் இல்லை.

முன்பென்றால் டெரன்ஸுக்கு அது பத்து நிமிட வேலை. எட்டு மாதத்துக்கு முன் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தபோது இரத்தத்தில் காற்றுக் குமிழ் ஏறி வலது பக்கம் விழுந்துபோனது. ஆஸ்பத்திரியில் கால் திரும்பியது. கை திரும்பவில்லை. பயிற்சி கொடுக்க வந்த டிலானி மிஸ், தினமும் இருநூறு தடவை அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். தான் என்ன பாலர் பள்ளிப் பிள்ளையா என்று கேட்டு, டெரன்ஸ் அதை அடுத்த வீட்டு நாய்க்கு வீசிவிட்டான். அன்றிலிருந்து அந்தக் கை யாரோ மறந்துவிட்டுப் போன சாமானைப் போல அவன் மடியில் கிடந்தது. சட்டைப் பொத்தான் போடுவதும் ஐராங்கனிதான்.

இப்போது அவன் அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்தான். இடது கையை உள்ளே விட்டு, பைப் முனையிலிருந்த பிளாஸ்டிக் நட்டைத் திருகினான். பழைய பம்ப் கழன்று தண்ணீருக்குள் விழுந்தது. எடுத்து ஒரு முறை முகர்ந்தான். அதன் வயரை விரலால் நீவி முனையிலிருந்த பிளக்வரை பார்த்துவிட்டுத் தரையில் வைத்தான். ஐராங்கனி அதை உடனே ஒரு சாக்கில் சுற்றி ஓரமாகத் தள்ளினாள்.

கழற்ற ஒரு கை போதும். மாட்ட இரண்டு கை வேண்டும். ஒரு கை பம்பை பைப்போடு சேர்த்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொன்று நட்டை ஏற்ற வேண்டும்.

"நீ கையை விட்டுப் பிடி. நான் திருகுறேன்."

"நான் மாட்டேன். அதுக்குள்ள முள்ளுப்புழு இருக்கு."

"இருபது வருஷமா மீன் வெட்டுற. உனக்குப் புழுவுக்குப் பயமா?"

"நான் வெட்டுறது செத்த மீன்" என்றாள் ஐராங்கனி.

அவன் அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தான். பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கி அலமாரிக்குள் வைத்தான்.

நட் விரலில் நிற்கவில்லை. தண்ணீரில் விழுந்தது. தேடி எடுத்து மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது. நாலாவது தடவை விழுந்தபோது கடலில் கற்ற அத்தனை வசவையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, அலமாரிக் கதவை அறைந்து சாத்தினான். மீனையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னான்.

அவள் தடுக்கவில்லை. வாளியைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். மேலே, மஞ்சள் மீன் ஒன்று ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது.

டெரன்ஸ் வாளியைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தான்.

இந்த முறை அவன் அவசரப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். இருட்டுத் தண்ணீருக்குள் பாறை இடுக்கில் கைவிட்டு மீன் தேடும் ஆள்தானே. இடது கை பம்பைத் தூக்கிப் பிடித்தது. வலது கையின் கட்டைவிரல் நட்டின் மேல் படிந்தது. ஆள்காட்டி விரல் மெல்ல, மிக மெல்ல வளைந்து மறுபக்கம் வந்தது. நட் மரையைக் கவ்வியது. கால் சுற்று. விரல் நழுவியது. மறுபடி பிடித்தான். இன்னொரு கால் சுற்று. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. ஐராங்கனி மூச்சு விடவும் மறந்து நின்றாள்.

"சுவிட்சைப் போடு" என்றான்.

பம்ப் முனகியது. பைப்பில் காற்று கடகடவென்று ஓடியது. மேல் தொட்டியின் மூலையில் தண்ணீர் குபுக்கென்று பாய்ந்தது. பைப் மூட்டில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. சிறிது நேரத்தில் மீன்கள் கீழே இறங்கின. சாய்ந்துகிடந்த மஞ்சள் மீனும் நிமிர்ந்து பாறைக்குப் பின்னால் போய் மறைந்தது.

டெரன்ஸ் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கி, விரல்களைத் திறந்து மூடினான். திறந்து மூடினான். பிறகு அந்த ஈரக் கையாலேயே மனைவியின் காதைப் பிடித்துத் திருகினான். அவளுக்கு வலித்தது. வலித்ததில் அழுதேவிட்டாள்.

தேநீர் போட்டு வருகிறேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாக்கில் சுற்றியிருந்த பழைய பம்பையும் தூக்கிக்கொண்டு அவள் அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே அவன் குரல் வந்தது.

"ஐராங்கனி, காலையில பழைய பம்ப் பிளக்குக்குள்ள இருந்து நீ கழட்டி ஒளிச்சு வெச்ச ஃபியூஸை மறக்காம அதுல திரும்பப் போட்டு வை. நாளைக்கு இதைக் கழட்டிட்டு அதை மாட்டப் போறேன்."