வெறும் வயிறு

மருத்துவமனை அனுப்பிய பெட்டிக்குள் எண்டோஸ்கோப்பி இயந்திரப் புழு சுருண்டு கிடந்தது. சரியாகப் பத்து மணிக்கு அது விழிக்கும். அதற்கு முகம் தெரியாது, பெயர் தெரியாது. எட்டு மணி நேரம் பட்டினி கிடந்த வயிற்றைத் தேடிப்போய், வாய்வழியே இறங்கி, சோதனைக்காக உள்சதையைத் துளி கிள்ளிக்கொண்டு வெளியே வரும்.

தினகரனுக்கு வயிற்றுப் புண்ணைவிடப் புழுதான் பயம். விடிந்ததும் மனைவிக்குத் தெரியாமல் ஃப்ரிட்ஜில் இருந்த இரண்டு இட்லியை விழுங்கிவிட்டார். சாப்பிட்ட வயிற்றை அது தொடாது.

மணி பத்தானது. புழு பெட்டியிலிருந்து இறங்கி அவர் காலருகே வந்து தலையைத் தூக்கியது. பிறகு திரும்பிக்கொண்டது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

அது அடுப்படியை நோக்கி விறுவிறுவென்று ஊர்ந்தது.

“சுகந்தி, நீ சாப்பிட்டுட்டதானே?”

“நீங்க பட்டினி கிடக்கிறப்ப எனக்கு மட்டும் எப்படி இறங்கும்? மாத்திரைதான் போட்டேன்.”

இதயத்துக்காக, ரத்தம் உறையாமலிருக்க அவள் தினமும் போடும் மாத்திரை. அதைப் போட்டவருக்குள் கிள்ளினால் ரத்தம் நிற்காது என்று புழு வந்த பெட்டியின் மேலேயே சிவப்பில் எழுதியிருந்தது.

“வாயை மூடு! வாயை மூடிக்கோ சுகந்தி!” தினகரன் அலறிக்கொண்டு ஓடினார்.

“என்னங்க?” என்று கேட்க அவள் வாயைத் திறந்தாள்.