சிங்கப்பூர்க்காரனுக்கு அடையாளம்

பழனிசெட்டிபட்டிச் சுயம்புலிங்கம் லேசில் யாரையும் நம்பமாட்டார். மகளுக்குச் சிங்கப்பூர் மாப்பிள்ளை தேடினார். இரண்டு பேர் பெண் பார்க்க வந்தார்கள்.

முதலாமவன் சாயம் வெளுத்த சட்டையோடு வெறுங்கையாக வந்தான்.

“சிங்கப்பூர்ல இருந்து வாறவன் ஒரு கோடாலித் தைலம்கூடவா கொண்டாரல?”

“அங்கன மூடை தூக்குறேன் மாமா. சம்பளத்தை அப்படியே வீட்டுக்கு அனுப்பிருவேன்.”

“ஏலே, யார்கிட்டப் பொய் சொல்ற? எந்திரிச்சுப் போ!”

அடுத்தவன் சென்ட் மணக்க, டேப்ரிக்கார்டரோடு வந்து ஆறு தைலப் புட்டிகளை நீட்டினான்.

“நல்லா விசாரிச்சீகளா?” என்றாள் மனைவி சாராள்.

“கண்ணால பார்த்த பெறகு என்னடி விசாரணை?”

கல்யாணமான மறுமாதம், மெட்ராஸிலிருந்து வந்த மகளின் கடிதத்தைச் சாராள் வாசித்தாள்.

“அப்பா, இவுக கப்பலே ஏறுனதில்லையாம். இங்கன துறைமுகத்துப் பக்கம் பிளாட்பாரத்துல வெளிநாட்டுச் சாமான் விக்கிறாக. நீங்க வெரட்டுனவருதான் நேத்துச் சிங்கப்பூர் கப்பல் ஏறுனாரு.”

சுயம்புலிங்கம் தாடையைச் சொறிந்தார்.

“சாமானாவது அசல்தானான்னு கேட்டு எழுது.”