ஹாலில் பறந்த விமானம்

மருமகள் அழுது ஓய்ந்ததும், மாமனார் ஹாலில் மூன்று சாப்பாட்டு நாற்காலிகளை இழுத்து வரிசையாகப் போட்டார்.

திங்கட்கிழமை அவள் ஏழு மாதக் குழந்தையோடு தனியாக விமானம் ஏற வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவனுக்கு லீவு இல்லை, வந்து கூட்டிப் போக முடியாது. நடுவானில் குழந்தை வீறிட்டால்? பால் குடிக்காமல் அடம் பிடித்தால்? யாரைக் கூப்பிடுவது? டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நாலரை மணி நேரம். இதுக்குப் போய் இவ்வளவு அழுகையா?" என்றார் மாமனார்.

டிக்கெட்டைக் கையில் வைத்திருந்த மாமியார், பத்து மணிக்குக் கிளம்பி சாயங்காலம் ஐந்துக்கு இறங்கினால் ஏழு மணி நேரம் ஆகிறதே என்று விரல் விட்டு எண்ணினார். அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும் என்று மாமனார் விளக்கினார். அப்படியானால் அங்கிருந்து இங்கே வர இரண்டே மணி நேரம்தான், பேசாமல் அவனையே வரச் சொல்லிவிடலாமே என்றார் மாமியார். அழுத முகத்தோடு மருமகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிச்சது போதும். வந்து உட்காரும்மா. இதுதான் பிளேன்."

ஜன்னலோரம் அவள், மடியில் குழந்தை. நடுவில் மாமனார். கடைசி நாற்காலியில் பால் புட்டிப் பை. ஆளுக்கொரு துண்டை இடுப்பில் சுற்றி முடிந்து, இதுதான் பெல்ட் என்றார். இறங்கும்வரை சும்மா சும்மா எழக் கூடாது என்று கண்டிஷன் வேறு. மாமியார் தட்டில் காபியோடு வந்து, "ஏர்ஹோஸ்டஸுக்கு மூட்டு வலி, சீக்கிரம் எடுத்துக்குங்க" என்றார்.

மேலே ஏறும்போது காது அடைக்கும், குழந்தைக்குப் பாலைக் கொடு என்று சொல்லிவிட்டு, மாமனார் கண்களை இறுக மூடிக்கொண்டார். நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மேகத்துக்குள் போனால் குலுங்கும் என்று அவரே அறிவித்துவிட்டு, குழந்தையின் காலைப் பற்றிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தார். சமையலறையில் குக்கர் விசில் அடித்தபோது துள்ளி விழுந்தார்.

எதிர் ஃபிளாட் அக்கா எட்டிப் பார்த்து, எனக்கும் ஒரு சீட் கிடைக்குமா என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனாள். மருமகளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தன் பயத்தை நாலு பேர் வேடிக்கை பார்க்கும்படி இப்படியா நடித்துக் காட்டுவார் மனுஷன்? குழந்தை மட்டும் அவள் மடியில் சுகமாகத் தூங்கியது.

ஒருவழியாக விமானம் தரையிறங்கியது. துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"நான் தனியாவே போய்க்கறேன் அத்தை. குழந்தை அழுதா அழட்டும், பார்த்துக்கறேன். என்னைக் கிண்டல் பண்றதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க மாமாவை."

மாமியார் ஹாலை ஒருமுறை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"கிண்டலா? பிள்ளை நாலு வருஷமா கூப்பிடறான். பிளேன்ல ஏறவே பயம்னு இவர் இடத்தை விட்டு அசையல. இன்னைக்குக் காலைல நீ அழுததைப் பார்த்துட்டு, உன்கிட்டகூடச் சொல்லாம உன் பக்கத்து சீட்டை வாங்கிட்டு வந்துட்டார். இந்த ஒத்திகை உனக்கில்லம்மா, அவருக்கு."