துரையின் பெயர்

பெயர் எழுத்தில் கிடைத்துவிட்டது.

ஜொவான்னி பெர்த்தோலி. இத்தாலியன். சுரங்க ஃபோர்மேன்.

1911 ஆகஸ்ட். தங்கவயல் பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில், குழந்தை லாசரின் தகப்பன் என்ற கட்டத்தில், மை மங்காமல் இருந்தது. லாசர் அவளுடைய தாத்தா.

அவளுக்குக் கைதட்டத் தோன்றியது. பங்கு அலுவலகமாயிற்றே என்று அடக்கிக்கொண்டாள்.

வீட்டில் எத்தனை வருடப் பெருமை! ஊரே சுரங்கத்துக்குள் இறங்கி இருமிச் செத்துக்கொண்டிருந்தபோது இவர்களுக்கு மட்டும் ஒரு துரை. யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் முதலில் மூக்கைப் பார்ப்பார்கள், அப்புறம் கண்ணை. அவளுக்கு வாய்த்தது பூனைக்கண். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுப்பதற்கு முன்னால் அதைத்தான் காட்டினார்கள்.

தம்பி எட்வின் பெங்களூரில் ஓர் ஏஜெண்டைப் பிடித்திருந்தான். இத்தாலிய வம்சம் என்று தாள் காட்டினால் அந்த நாட்டுக் குடியுரிமைக்கு மனுப் போடலாம் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து எட்வினுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாஸ்போர்ட், வீடு, மகளுக்கு அங்கே காலேஜ் என்று போய்க்கொண்டே இருந்தான். ஊரில் இருப்பவள் நீதானே, போய்த் தேடு என்றான்.

வந்தாள். தேடினாள். ஒரே காலையில் கிடைத்துவிட்டது.

பக்கத்துக் கட்டத்தில் தாய். ஞானப்பூ. சவரிநாதன் மகள். துரை வீட்டு வேலை.

அந்தப் பெயரை அவள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். துரையின் பெயரை வீட்டு வாசலில் பலகையடித்து மாட்டிய குடும்பம். பூட்டியின் பெயரைக் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. துரை ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டார் என்பார்கள். அந்தக் காலத்திலேயே லவ் மேரேஜ் என்று சித்தப்பா கண்ணடிப்பார்.

கல்யாணப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தாள். முன்னால் ஐந்து வருடம், பின்னால் ஐந்து வருடம்.

இல்லை.

பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ரபேல் ஐயா, தாயும் இந்தப் பங்கில் பிறந்தவளாக இருந்தால் பழைய புத்தகத்தில் இருப்பாள் என்று சொல்லி இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது.

இருந்தாள். ஞானப்பூ, சவரிநாதன் மகள். பிறந்த எட்டாம் நாள் ஞானஸ்நானம்.

1898 பிப்ரவரி.

விரல் விட்டு எண்ணினாள். தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடியும் எண்ணினாள்.

பதின்மூன்றரை.

அதிலிருந்து பத்து மாதத்தைக் கழிக்க மனம் கூசியது.

பிறகுதான் கடைசிக் கட்டத்தைப் பார்த்தாள்.

ஞானத்தகப்பன்: ஜொவான்னி பெர்த்தோலி.

ரபேல் ஐயா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். அந்த நாளில் கூலிக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஃபோர்மேன் துரைகளைத்தான் ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்வார்களாம். துரை நமக்குச் சொந்தமாகிவிட்டால் வேலைக்கு ஒரு பிடிமானம். சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.

ஏந்தியிருக்கிறான்.

எட்டு நாள் சிசுவைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இரண்டு கையிலும் ஏந்தியிருக்கிறான். பசாசை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் கேட்க, அதற்குப் பேச வராததால் அதன் சார்பில் விட்டுவிடுகிறேன் என்று பதில் சொல்லியிருக்கிறான். பெற்றவனுக்கு அடுத்தபடி இந்தப் பிள்ளைக்கு நான்தான் தகப்பன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறான்.

சவரிநாதன் பக்கத்தில் கைகட்டி நின்றிருப்பான். சந்தோஷப்பட்டிருப்பான்.

சீ.

வெளியே ஓடினாள். குழாயடியில் குனிந்து காலையில் தின்றதையெல்லாம் கக்கினாள். வாய் கொப்பளித்தாள். முகத்தைக் கழுவினாள். கண்ணைக் கசக்கிக் கசக்கிக் கழுவினாள். எவ்வளவு கழுவினாலும் அது அவள் கண்ணாகவே இருந்தது.

போன் அடித்தது. எட்வின்.

எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணம் இல்லை என்றாள். வயதைச் சொன்னாள். யார் ஞானத்தகப்பன் என்று சொன்னாள். அவனுக்கும் உறைக்கும் என்று நினைத்தாள்.

"அதெல்லாம் அந்தக் காலம்க்கா, உடு. துரை பேரு எழுத்துல இருக்குதில்ல? அது போதும்."

செத்தவன் மேல் வந்த அருவருப்பு இப்போது உயிரோடு இருப்பவன் மேல் வந்தது. கூடப் பிறந்தவன். தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தாள்.

உள்ளே ரபேல் ஐயா சான்றிதழ்த் தாளை எடுத்து வைத்துக்கொண்டு லாசரின் பக்கத்தை விரித்திருந்தார். பேனாவைத் திறந்தார்.

அவள் அந்தப் புத்தகத்தை மூடினாள். பூச்சி அரித்ததை அவர் முன்னால் நகர்த்தினாள்.

அவர் பார்த்தார். "இதுல துரை அப்பா இல்லியேம்மா. ஞானத்தகப்பன்தான். இதையா எழுதணும்?"

"இதத்தான் ஐயா. ஒரு கட்டமும் உடாம எழுதுங்க."

"லாசரோடது?"

"அது வாணாம்."

அவர் நிதானமாக எழுதினார். முத்திரை குத்தினார். மை காயும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

படம் பிடித்தாள். எட்வினுக்கு மட்டும் அனுப்பப் போனவள் நிறுத்தினாள். சித்தப்பா, அத்தைகள், பிள்ளைகள் என்று எல்லோரும் இருக்கிற குடும்பக் குழுவில் போட்டாள்.

கீழே எழுதினாள்.

பூட்டி பேரு ஞானப்பூ. துரை பேரும் இருக்குது, பாருங்க.