பதினாறும் ஒரே மனசாய்

"மாப்ளே, அந்த அம்மா படியேறிக்கிட்டு இருக்காங்க. இன்னிக்கு ஒரு நாளாவது உன் மெஷினுங்களைச் சண்டை போடாம இருக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு அத்தான் வாசலுக்கு ஓடினார். மச்சினன் மெஷின்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். போடமாட்டானா பின்னே? வருஷக்கணக்காக அவன் எழுதிய ப்ரோகிராம் இன்றும் சொதப்பினால் இருவரும் சேர்ந்து நடத்தும் கம்பெனிக்கு மூடுவிழா. நாளையிலிருந்து அப்பாவின் செருப்புக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் காலையெல்லாம் பிடிக்க வேண்டியதுதான்.

அலமாரியில் பதினாறு கம்ப்யூட்டர்கள். அத்தனையையும் ஒயரால் கட்டிப்போட்டு, "உங்க எல்லாருக்கும் ஞாபகம் ஒண்ணேதான்" என்று நம்பவைத்து, ஒரே கணக்கைப் பங்கு போட்டுச் செய்யவைக்கும் ப்ரோகிராம் அது. ஒன்று ஓர் எண்ணை மாற்றினால் மற்ற பதினைந்தும் பழைய எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கின. வாங்கிக்கொண்டே இருந்தன. பதினாறு சம்பந்திகளை ஓர் அறையில் அடைத்த மாதிரி, உன்னிடமா இருக்கிறது, என்னிடமா இருக்கிறது என்று விசாரித்தே பொழுது போயிற்று. கணக்கை யார் போடுவது? போன வார ஒத்திகையில் ஃபேன்கள் அலறிய அலறலில் பக்கத்து அறைப் பல் டாக்டரின் நோயாளிகள் பல்லோடு தப்பித்து ஓடிவிட்டார்களாம்.

பாலம் கட்டும் என்ஜினீயர் அம்மா உள்ளே வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. புயல் காற்றில் பாலம் எவ்வளவு ஆடும் என்ற கணக்கைக் கொடுத்தார். கீழே கார் காத்திருக்கிறது, அடுத்து போட்டிக் கம்பெனிக்குப் போகவேண்டும், சட்டென்று விடை வந்தால் பார்க்கலாம் என்றார்.

திரை கேட்ட விவரங்களை மளமளவென்று நிரப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு மச்சினன் என்டரைத் தட்டினான்.

அலமாரியில் ஒரு முணுமுணுப்பு இல்லை. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. 'செத்தோம்' என்று அவர் வாயசைத்து முடிப்பதற்குள் விடை திரையில் வந்து குதித்தது.

அந்த அம்மா தன்னிடமிருந்த விடையோடு ஒத்துப் பார்த்தார். புள்ளிக்குப் பின்னால்கூடப் பிசகில்லை.

"பதினாறும் சேர்ந்து இவ்வளவு அமைதியா வேலை செய்யுதே. எங்க வீட்ல இருக்கறதே ரெண்டு பேர். டிவி ரிமோட்டுக்குத் தெருவே கூடிடும்."

அத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த பாலத்துக்கு இருநூறு மெஷின் பூட்டித் தருவதாக அவரே வாக்குக் கொடுத்து, அந்த அம்மாவின் கையெழுத்தையும் வாங்கி, காருக்குக் கதவும் திறந்துவிட்டு, மூச்சிரைக்க மேலே வந்து மச்சினனைக் குழந்தை மாதிரி தூக்கிச் சுற்றினார்.

"எப்படிடா மாப்ளே இதுங்களைச் சமாதானம் பண்ணினே?"

அந்தரத்தில் தொங்கியபடியே மச்சினன் பெருமையோடு திரையைப் பார்த்தான். 'எத்தனை கம்ப்யூட்டர்?' என்ற கேள்விக்கு எதிரே 1 மட்டும் நின்றது. அவசரத்தில் 6-ஐத் தட்டாமலே என்டரைத் தட்டியிருந்தான்.